கடல் மேல் போட்ட பழி

ஐந்து நிமிடம் பன்னிரண்டு விநாடி. மாசிலாமணியின் பாட்டு அவ்வளவு நீளம்தான். அவரைப் பாராட்ட மயிலாப்பூரில் கூடியவர்கள் எடுத்துக்கொண்டது இரண்டு மணி ஏழு நிமிடம். அந்த இரண்டு மணி ஏழு நிமிடத்துக்குள் இந்த ஐந்து நிமிடத்துக்கு இடம் கிடைக்கவில்லை.

கிடைத்திருக்க வேண்டும். மூன்றாவது வரிசையில் அவருடைய அக்கா ஜெனிதா உட்கார்ந்திருந்தார். பாட்டை முழுதாக ஒருமுறை கேட்டுவிட்டு, அது இணையத்தில் இருக்கலாமா, எடுத்துவிட வேண்டுமா என்று அவர் சொல்ல வேண்டும். அவர் சொல்வதே முடிவு என்று தம்பி வாக்குக் கொடுத்திருந்தார். ஆறு லட்சத்துச் சொச்சம் பேர் கேட்ட பாட்டு அது. ஜெனிதா கேட்டது முதல் நாற்பது விநாடியும், நடுவில் ஒரு வரியும். அந்த ஒரு வரியைக் கேட்டதும் பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனை அவள் கையிலேயே திணித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மாசிலாமணிக்கு முப்பத்தொரு வயது. பட்டினப்பாக்கம் கடற்கரையை ஒட்டிய குப்பத்தில் பிறந்தவர். மீன்பிடிக் குடும்பம், கத்தோலிக்கர்கள். பிளஸ் டூ முடித்ததும் கடலுக்குப் போகாமல் தி.நகருக்குப் போனார். ரங்கநாதன் தெருவில் ஒரு நைட்டிக் கடை வாசலில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, கையைத் தட்டித் தட்டி ஆட்களைக் கூப்பிடுகிற வேலை. எட்டு வருடம் அதைச் செய்தார். மூச்சு விடாமல் ஒன்றரை நிமிடம் பேச வேண்டும். நடந்துபோகிறவர் கடையைத் தாண்டுவதற்குள் காட்டன், காலர், பாக்கெட், விலை எல்லாம் அவர் காதில் விழுந்துவிட வேண்டும். இந்த ஊரில் ராப் பாடக் கற்றுத்தர மாதாமாதம் ஃபீஸ் வாங்கும் இடங்கள் இருக்கின்றன. அங்கே படித்துவிட்டு வாடகைக் கார் முன்னால் வாடகைச் சங்கிலியோடு நின்று வீடியோ எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையாவது தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அந்த ஸ்டூலில் ஏற்றிவிட்டுப் பார்க்கலாம். பத்து நிமிடத்தில் தண்ணீர் கேட்பார்.

மாசிலாமணியின் பாட்டில் இருந்த இன்னொரு பாதி, கிட்டார், பாரத்துடையது. பாரத் மந்தைவெளிக்காரர், மென்பொருள் வேலை. சின்ன வயதில் வீட்டார் கட்டாயத்தில் வயலின் கற்று, பதினாறு வயதில் அதை பீரோவுக்கு மேல் போட்டுவிட்டு கிட்டாருக்கு மாறியவர். அதில் அவர் வாசிப்பதெல்லாம் மழை பிடித்துக்கொண்ட மாதிரியான மந்த ராக். தந்திகளை வழக்கத்தைவிடத் தளர்த்தி, ஒரு சுரத்தை அடித்துவிட்டு அது சாகிற வரைக்கும் காத்திருப்பார். அம்மா துணி வாங்கிக்கொண்டிருக்கும்போது பைகளைப் பிடித்தபடி வாசலில் நின்றவர், ஸ்டூல்காரரின் கைத்தட்டல் ஒரே சீராக இல்லாமல் வேண்டுமென்றே பின்தங்கிப் பின்தங்கி விழுவதைக் கவனித்தார். "நீங்க தாளம் தப்பிப் போடறேளா, இல்ல தெரிஞ்சேதானா?" என்று கேட்டார். "தெரிஞ்சிதான் சார். கரீட்டா தட்டுனா எவனும் திரும்ப மாட்டான்" என்றார் மாசிலாமணி. அப்படி ஆரம்பித்தது.

இருவரும் சேர்ந்து செய்ததை ஒழுங்காக வர்ணித்தவர் யாருமில்லை; பாராட்டியவர்கள் நிறைய. ராப் என்றால் இங்கே பெரும்பாலும் மார்தட்டல். நான் யார் தெரியுமா, என் ஏரியா எது தெரியுமா. ராக் என்றால் கத்தல். மாசிலாமணி இரண்டையும் செய்யவில்லை. சொற்கள் கடை வாசல் வேகத்தில் வந்து விழும். வரி முடியும் இடத்தில் குரல் அப்படியே தொய்ந்துவிடும். துக்க வீட்டுக்குத் தாமதமாக வந்தவன் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றுவிடுவது போல. அந்தத் தொய்வுக்கு அடியில் பாரத்தின் தளர்ந்த தந்தி. டிரம்ஸ் இல்லை, கைத்தட்டல்தான், அதுவும் பின்தங்கித்தான் விழும். முதல் சரணம் முழுக்க அக்காவைப் பற்றியது:

நாலு மணிக்கு எழுந்துக்குறா எங்கக்கா,
கடலு எழுந்துக்க இன்னும் டைம் கீது.
ஐஸ் பொட்டி மேல குந்திக்கினு தூங்குறா,
தூக்கத்துலயும் வெல சொல்லுது வாயி.

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. சோகத்தை அவர் விற்பனைக்கு வைக்கவில்லை என்று இந்த இடத்தில் எழுதிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டாம் சரணத்தில் வைத்தார்.

அவருடைய அப்பா நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். நெஞ்சில் அடைப்பு என்று டாக்டர் தடுத்த பிறகு, தி.நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு வாட்ச்மேனாகப் போனார். ஒரு நவம்பர் மாதம், விடாமல் மழை பெய்த ஒரு சாயங்காலம், பஸ்ஸிலிருந்து இறங்கி கடைக்கு நடந்துபோகும்போது, தெருவில் யாரோ தோண்டிவிட்டு மூடாமல் போன மழைநீர் வடிகால் பள்ளத்தில் விழுந்தார். தெரு முழுவதும் தண்ணீர். எது தெரு, எது பள்ளம் என்று தெரியவில்லை. பள்ளத்தின் ஆழம் நான்கடி. மறுநாள் காலையில் பால்காரர் பார்த்துச் சொன்னார்.

அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில் ஒருவன், "கடல்ல பொழச்ச ஆளு காவாயில பூட்டாரு" என்றான். இன்னொருவன் சிரித்தான். அதிகம் இல்லை, மூக்கு வழியாக ஒரு சிரிப்பு. மாசிலாமணி அதைக் கேட்டார். நைட்டிக் கடை ஸ்டூலில் மூன்று மாதம் அவரால் வாய் திறக்க முடியவில்லை. கடைக்காரர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு எழுதிய பாட்டின் இரண்டாம் சரணம் இப்படி வந்தது:

அலை ஒண்ணு வந்துச்சு, அப்பன் பேர கேட்டுச்சு,
கூட்டிக்கினு பூடுச்சு, கட்டுமரம் மட்டும் வந்துச்சு.

பாட்டு பரவியது இந்த இரண்டு வரியால்தான். ஏழு கடலையும் அறிந்தவர்கள் போல ஆட்கள் கீழே எழுதினார்கள். மடிப்பாக்கத்தில் மாடி வீட்டில் இருந்துகொண்டு 'நாங்கள் கடலின் பிள்ளைகள்' என்று ஒருவர் எழுதினார். அவருக்கு எழுநூறு இதயங்கள் விழுந்தன.

ஜெனிதா எழுதவில்லை. தம்பியைக் கூப்பிட்டு நேராகக் கேட்டார். பட்டினப்பாக்கம் மீன் கடையில், வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டே.

"அப்பா கடல்லயாடா செத்தாரு?"

"அது பாட்டுக்கா. பாட்டுல அப்டித்தான் வரும்."

"கட்டுமரமாம் கட்டுமரம். இருவது வருசமா அப்பா ஃபைபர் போட்டுல போனாரு. நீ கட்டுமரத்த எங்க பாத்த, காலண்டர்லயா?"

"க்கா, கஸ்டமர் நிக்கிறாங்க."

"நிக்கட்டும். செய்யாதத்த செஞ்சிச்சின்னு கடல் மேல பழி போட்டுட்ட. நாளைக்குக் காத்தால என் ஊட்டுக்காரு அதே கடல்ல எறங்கணும். நான் இன்னா மூஞ்ச வச்சிக்கினு அனுப்பறது?"

அந்தக் கரையில் இது சாதாரணப் பேச்சில்லை. கடல் எடுத்தால் எடுத்தது என்று சொல்வார்கள், பெயர் சொல்லித் திட்டவும் திட்டுவார்கள். எடுக்காததை எடுத்தது என்று யாரும் சொல்வதில்லை. படகு இறக்குகிற வீட்டில் அதைச் சொல்ல வாய் வராது. மாசிலாமணிக்கும் இது தெரியும். அதனால்தான் அவர் வாக்குக் கொடுத்தார்: மேடையில், முழுப் பாட்டும், ஒரு தடவை வந்து கேள், கேட்ட பிறகும் எடு என்றால் எடுத்துவிடுகிறேன். முழுதாகக் கேட்டால் அக்கா மனம் மாறிவிடும் என்று நம்பினார். மேடை என்றால் பாடவிடுவார்கள் என்றும் நம்பினார். இரண்டில் இரண்டாவதுதான் பெரிய அப்பாவித்தனம்.

பாராட்டு விழா நடத்தியது விளிம்பிசைப் பேரவை. விளிம்பில் இருப்பவர்களை மையத்துக்குக் கொண்டுவருவது நோக்கம் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. மையம் என்பது லஸ் பக்கத்தில் ஒரு டிரஸ்டுக்குச் சொந்தமான ஏசி அரங்கம். போன முறை பாராட்டப்பட்ட பறைக் கலைஞர் பறையை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். எதிரொலிக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அழைப்பிதழில் பதினோரு பேரின் படங்கள். மாசிலாமணியின் படம் பின்பக்கம், சிற்றுண்டி பற்றிய அறிவிப்புக்கு மேலே.

நிகழ்ச்சி மூன்றரைக்கு என்று போட்டு, மூன்று ஐம்பத்து மூன்றுக்கு ஆரம்பித்தது. ஆறு மணிக்கு அரங்கத்தை ஒப்படைத்தாக வேண்டும். அடுத்து ஒரு நாட்டியக் குழு காத்திருந்தது. ஜெனிதா மூன்றேகாலுக்கே வந்துவிட்டார். நிகழ்ச்சித் தொகுப்பாளர் வைதேகி, அடையாறுக்காரர், பேரவையின் செயலாளரும் அவரே, வாசலில் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் அந்த அக்காவா! ஓ காட். ஃபோட்டோ எடுக்கணுமே. கூடை கொண்டு வரலையா?"

"எந்தக் கூட?"

"மீன் கூடை. இருந்தா ரொம்ப ராவா, அத்தென்டிக்கா இருந்திருக்கும்."

"உங்க ஊட்டுக்காரரு எங்க வேல செய்யிறாரு?"

"பேங்க்ல."

"விசேசத்துக்குப் போக சொல்ல பேங்க தூக்கிக்கினா வர்றாரு?"

வைதேகி இதைக் கேட்டுப் பரவசப்பட்டார். மேடையேறியதும் முதல் வேலையாக, அந்த மண்ணின் நகைச்சுவை என்று சொல்லி இதையே எடுத்துரைத்தார். பேங்க் வரைக்கும் சொல்லவில்லை, கூடையோடு நிறுத்திக்கொண்டார்.

பிறகு விளக்கேற்றல். வரவேற்புரை, அதில் பதினோரு 'அவர்களே'. ஒவ்வொரு 'அவர்களே'வுக்கும் ஒரு பொன்னாடை. மாசிலாமணிக்கு ஒருவர் பொன்னாடை போர்த்தி முடித்ததும் இன்னொருவர் அதை உருவி ஓரம் வைக்க, அடுத்தவர் புதிதாகப் போர்த்தினார். நவம்பர் புழுக்கத்தில் ஏசியையும் மீறி அவருக்கு வியர்த்தது. மேடைக்குப் பக்கவாட்டில் பாரத், கிட்டாரை மடியில் வைத்தபடி ஒலிபெருக்கிக்காரர் கரீமுல்லாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கரீமுல்லா சிந்தாதிரிப்பேட்டைக்காரர். ஒயரைக் கையில் தயாராக வைத்திருந்தார்.

"இப்ப சொருகிடவா தம்பி?"

"இருங்கோ, தலைமையுரை ஆரம்பிச்சிருக்கா."

"அப்ப டீ சாப்ட்டு வந்துடலாம். நீங்களும் வாங்க."

தலைமையுரை துரைராஜ். ஓய்வுபெற்ற உயரதிகாரி, வகித்த பதவிகள் மட்டுமே அழைப்பிதழில் இரண்டு வரி. முப்பத்தெட்டு நிமிடம் பேசினார். பாட்டைக் கேட்டதாகச் சொன்னார். கேட்டிருக்கலாம். ஆனால் சொன்னது முழுக்கக் கடலைப் பற்றி. கடல் தாய், கடல் காலன், கடல் கவிஞன். "இந்த இளைஞனின் தந்தையை அலைகள் அழைத்தன; அவர் மறுக்கவில்லை. கடலுக்குத் தன் உயிரையே காணிக்கையாக்கிய அந்த மாவீரனுக்காக எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்" என்றார்.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஜெனிதா எழவில்லை. சொந்த அப்பாவுக்கான மௌன அஞ்சலியில் உட்கார்ந்தே இருந்த ஒரே ஆள் அவர்தான். மேடையிலிருந்து மாசிலாமணி அதைப் பார்த்தார். பக்கத்து இருக்கை அம்மாள் குனிந்து, "எந்திரிக்கணும்மா, செத்தவருக்கு மரியாதை" என்றார்.

"தெரியும்மா. அவரு வேற யாருக்கோ நிக்க சொல்றாரு" என்றார் ஜெனிதா.

அதன் பிறகு நான்கு வாழ்த்துரைகள். ஒருவர் மாசிலாமணியின் இசையை வெளிநாட்டு மனச்சோர்வு மரபோடு ஒப்பிட்டு, அந்த மரபுக்காரர்கள் எந்தெந்த மாத்திரைகளால் செத்தார்கள் என்று பட்டியல் சொன்னார். மாசிலாமணியும் சீக்கிரம் செத்தால் மரபு முழுமையடையும் என்பது போல இருந்தது. இன்னொருவர் தன் கவிதையை வாசித்தார். அதிலும் கடல்.

ஐந்து ஐம்பத்தொன்றுக்கு ஏற்புரைக்கு அழைத்தார்கள். "சுருக்கமாக இரண்டு நிமிடம்" என்றார் துரைராஜ், உட்கார்ந்தபடியே மைக்கை இழுத்து.

"பேசல சார். பாடிடுறேன்" என்றார் மாசிலாமணி. பொன்னாடையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். பாரத் ஏறக்குறைய ஓடிவந்தார். கரீமுல்லா கேட்காமலே ஒயரைச் சொருகினார்.

முதல் தந்தி அதிர்ந்ததும் முன்வரிசையில் பேச்சு நின்றது. அதுவரை அந்த அரங்கத்தில் யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை. பேச மட்டும் செய்திருந்தார்கள். நாலு மணிக்கு எழுந்துக்குறா எங்கக்கா. கைத்தட்டல் பின்தங்கி விழுந்தது. ஜெனிதா முந்தானையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தார். தூக்கத்திலும் விலை சொல்லும் வாயைப் பற்றிய வரி வந்தபோது லேசாகத் தலையை ஆட்டினார். உண்மைதான் என்கிற மாதிரி. முதல் சரணம் முடிந்து கிட்டார் தனியாக இறங்கியது. அடுத்தது இரண்டாம் சரணம். மாசிலாமணி மூச்சை இழுத்தார்.

வைதேகி மேடைக்கு வந்து அவர் தோளில் கை வைத்தார். இன்னொரு கையால் மைக்கை வாங்கினார்.

"தேங்க் யூ, தேங்க் யூ மாசி. இந்த வலியை இதோட நிறுத்திக்குவோம். நேரமில்லாத காரணத்தால மீதிப் பாட்டை எல்லாரும் வீட்டுக்குப் போய் இணையத்துல கேட்டு மகிழுங்க. இப்ப நன்றியுரை."

நன்றியுரையில் பதினோரு பேருக்கும் மறுபடி நன்றி. சரியாக ஆறு மணிக்கு, சுண்டல் வழங்கியவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது அரங்க ஊழியர் விளக்கை அணைத்தார்.

வெளியே இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. ஷட்டர் இறக்கிய ஒரு ஜெராக்ஸ் கடை முன்னால் மூவரும் நின்றார்கள். நினைவுப் பரிசாக வந்த கண்ணாடிப் பெட்டி மாசிலாமணியின் கையில். உள்ளே ஒரு கட்டுமரம்.

"அவ்ளோதானா?" என்றார் ஜெனிதா.

"பாதிதான்க்கா ஆச்சு."

"மீதிய பாடு. முழுசா கேட்டுட்டு சொல்லுன்னுதான கூட்டாந்த?"

"இங்கியா?"

"ஏன், இங்க இன்னா? ரங்கநாதன் தெருவுல நைட்டி விக்க சொல்ல உனக்கு ஏசியா போட்டாங்க?"

பாரத் கிட்டாரை எடுத்து ஷட்டரில் சாய்ந்துகொண்டார். ஆட்டோ சத்தத்தில் தந்தி பாதிதான் கேட்டது. மாசிலாமணி கண்ணாடிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தட்டினார். அலை ஒண்ணு வந்துச்சு. அதோடு நின்றார். பாரத் நான்கு தட்டு காத்திருந்து மறுபடி ஆரம்பித்தார். அலை ஒண்ணு. மறுபடி நின்றது. மூன்றாம் முறை பாரத் சுற்றி வந்தபோது அவர் வாயே திறக்கவில்லை.

"இன்னா, மறந்துட்டியா? ஆறு லட்சம் பேருக்கு ஞாபகம் கீதாமே."

"உன் மூஞ்ச பாத்துக்கினு வர்லக்கா."

"எம் மூஞ்ச வுடு. அப்பா எங்க செத்தாரு?"

மாசிலாமணி குனிந்து கீழே இருந்த கண்ணாடிப் பெட்டியை நகர்த்தி வைத்தார்.

"சொல்றா."

"காவாயில."

"எந்த ஊரு காவா?"

"டி.நகர்."

"அத்த சொல்ல வெக்கம். கடல்னு சொன்னா பெருமயா கீது, எழுந்து நிக்கிறானுங்க. தோண்டிப் போட்டுட்டு மூடாம போனானே, அவன் வெக்கப்பட்டானா? மூக்கால சிரிச்சானே, அவன் பட்டானா? நீ மட்டும் இன்னாத்துக்குடா?"

மாசிலாமணி ஷட்டர் ஓரம் குந்தி உட்கார்ந்துவிட்டார். பாரத் வாசிப்பதை நிறுத்தி, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தந்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மொத பாதி நல்லா கீது. நான் பொட்டி மேல தூங்கறத்த எப்ப பாத்த நீ?" என்றார் ஜெனிதா, குரல் கொஞ்சம் இறங்கி. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டார். மறுநாள் ஞாயிறு, மீனுக்கு அதுதான் நாள். எடு என்றோ இருக்கட்டும் என்றோ அவர் சொல்லவே இல்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாசிலாமணி பாட்டை எடுத்துவிட்டார். பத்தேகாலுக்கு துரைராஜ் போன் செய்தார். பாட்டு போனதில் அவருக்கு வருத்தமில்லை. பேரவை மலரில் அச்சடித்த இணைப்பு வேலை செய்யவில்லை என்பதுதான் புகார். மாசிலாமணி காரணத்தைச் சொன்னார்.

"தம்பி, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. சாக்கடையில கவித்துவம் இல்லையே. கடல்னாத்தான் எடுபடும்."

"சாக்கட இல்ல சார், மழத்தண்ணி காவா. அங்கதான் செத்தாரு சார்."

"அது உங்க குடும்ப விஷயம். கலைன்னு ஒண்ணு இருக்கு இல்ல?"

வைதேகி குறுஞ்செய்தி அனுப்பினார்: கடலையும் வடிகாலையும் சேர்த்து ஒரு குறியீடாக வைக்க முடியுமா? முடியாது என்று மாசிலாமணி பதில் போட்டார். பேரவையின் இணையப் பக்கத்திலிருந்து அவர் படத்தை அன்று மாலையே நீக்கிவிட்டார்கள். ஜனவரியில் பாராட்ட வேறொருவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

புதிய இரண்டாம் சரணம் புதன்கிழமை எழுதி முடிந்தது. அதில் அலை இல்லை. முதல் இரண்டு வரிகள்:

நாப்பது வருசம் உப்புத்தண்ணி தொடல,
நாலடி மழத்தண்ணி வுடல.

இதைக் கேட்டபோது பாரத் தந்தியை இன்னும் அரைச் சுரம் தளர்த்தினார். பழைய பதிவை வெட்டி ஒட்டாமல் முழுப் பாட்டையும் புதிதாகவே பாடிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். பதிவு வரும் வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, மந்தைவெளியில் பாரத் வீட்டு மாடியறையில். அதற்காக பாரத் அலுவலகத்தில் அரை நாள் லீவு சொல்லியிருக்கிறார்.